தலையணைக்குக் காவல்

எனக்கு வந்த நோய் மேல் நான் அதிகம் கோபப்பட்டதில்லை. அது கேளாமல் வந்த விருந்தாளி. வந்தது, வெட்டியும் ஊசி போட்டும் துரத்தினார்கள், போனது. என் கோபமெல்லாம் என் கணவர் மேல்தான். டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்றிலிருந்து அந்த மனிதர் என்னோடு சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டார்.

நல்லதுதானே என்பீர்கள். எங்கள் வீட்டு நடைமுறை உங்களுக்குத் தெரியாது. நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கொட்டாஞ்சேனைக்காரிக்கு வாய் நீளம் என்று இவருடைய ஆட்கள் இந்தச் சம்பந்தத்தையே ஒருமுறை தள்ளிப்போட்டவர்கள். இவர் வடக்கே வடமராட்சிக்காரர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க். கலியாணம் முடித்து, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒரு லேனில் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த அன்றைக்கே முதல் சண்டை தொடங்கியது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் ஓடி விளையாடியது சண்டைதான்.

சம்பலுக்கு எவ்வளவு தேசிக்காய் விடுவது, குடையை மடித்து வைப்பதா விரித்து வைப்பதா, ரேடியோவில் கிரிக்கெட்டா பாட்டா, எதற்கும் சண்டை வரும். ஆனால் சண்டைகளுக்கெல்லாம் அரசி என்றால் ஃபேன் சண்டைதான். இவருக்கு ஃபேன் ஐந்தில் சுழல வேண்டும். எனக்கு இரண்டுக்கு மேல் போனால் காது குத்தும். நான் இரண்டில் வைத்துவிட்டுப் படுப்பேன். இவர் எழும்பிப் போய் ஐந்தில் வைப்பார். நான் திரும்பவும் எழும்புவேன். விடியும்போது ஃபேனின் வேகத் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்தால் அன்றைக்கு வென்றவர் யாரென்று தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் குடும்பம் நடத்தினோம், சந்தோஷமாக.

பிறகு மார்பில் கட்டி வந்தது. பார்த்தார்கள், வெட்டினார்கள், இனி மூன்று கிழமைக்கு ஒருமுறை ஊசி என்றார்கள். டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்ததும் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஃபேனடிக்குப் போனார். இரண்டில் வைத்தார். அதற்குப் பிறகு அது இரண்டிலேயே நின்றது. கொழும்பு வெயிலில் இவருடைய பெனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

முதல் கிழமை எனக்கும் இதமாகத்தான் இருந்தது. இரண்டாம் கிழமை சந்தேகம் வந்தது. மூன்றாம் கிழமை பயம் வந்தது. நாளைக்கும் இருக்கப்போகிறவளோடுதான் மனிதர் சண்டை பிடிப்பார்கள். சாகப்போகிறவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். டாக்டர்கூடச் சொல்லாத ஒரு முடிவை இந்த மனிதர் தன் மனதுக்குள் எடுத்துவிட்டார், என்னிடம் கேட்காமலேயே.

விடுவேனா? சோதித்துப் பார்த்தேன். தேத்தண்ணீரில் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டுக் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோவைப் பாட்டுக்குத் திருப்பினேன். "பாட்டு நல்லாயிருக்கு" என்றார். கடைசி ஆயுதமாக இவருடைய அம்மாவின் மீன் குழம்பில் கை வைத்தேன்.

"உங்கட அம்மாவின்ர குழம்பு ஒரு நாளும் வாயில வைக்கேலாது. நான் இவ்வளவு காலமும் மரியாதைக்குத்தான் சாப்பிட்டனான்."

முன்பென்றால் அன்றைக்கு வீட்டில் மூன்று பானை உடைந்திருக்கும். இவர் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"சரி. நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும். கொஞ்சம் கண்ணை மூடிப் படும்."

அந்தச் "சரி"யைக் கேட்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். ஊசி ஏற்றின அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற வந்தவர்கள் பார்வையாளர்கள். எங்கள் சனத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒருவருக்கு வருத்தம் என்றால் ஊரே திரண்டு பார்க்க வரும். கெட்ட பழக்கமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் எங்கள் வீட்டு வாசலில் செருப்புக் குவியும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சத்துமா டின், மெல்லிய தாளில் சுற்றிய அப்பிள், ஒரு கைமருந்து. பப்பாசி இலைச் சாறு குடி என்பார் ஒருவர். அதைத் தொடவே தொடாதே என்பார் அடுத்தவர். டாக்டர் என்னைச் சனக்கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் எங்கே போவது, கூட்டமே படியேறி வந்துகொண்டிருந்தது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற என் பெரியம்மா. வந்ததும் யன்னலெல்லாம் சாத்துவார். கடற்காற்று நோயாளிக்குப் பொல்லாதாம். பிறகு எனக்கு எதிரே இருந்து என்னைப் பார்ப்பார், மூக்கைச் சிந்துவார், திரும்பவும் பார்ப்பார். அவருக்குப் பக்கத்தில் சித்தப்பா. சித்தப்பா தங்கமான மனிதர், ஆனால் அவருக்குத் தெரிந்த கதைகளெல்லாம் ஒரே மாதிரி முடியும். "தெமட்டகொடையில எங்களோட வேலை செய்தவன்ர மனுசிக்கும் இதே வருத்தம்தான் பிள்ளை. நல்லாத்தான் இருந்தவ..." என்று தொடங்குவார். அந்த "இருந்தவ"விலேயே எனக்குக் கதை முழுக்க விளங்கிவிடும்.

ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் நோயின் பெயர் வராது. "அது" என்பார்கள், "அந்த வருத்தம்" என்பார்கள். மிஞ்சிப்போனால் "அவ மகரகமவுக்குப் போய் வாறா" என்பார்கள். இந்த வருத்தத்துக்கான பெரியாஸ்பத்திரி அந்த ஊரில்தான். நோய் நொடியில்லாமல் அங்கே குடியிருக்கிற சனம் பாவம். பெயரைச் சொன்னால் அது கேட்டுவிட்டுத் தங்கள் வீட்டுக்கும் வந்துவிடும் என்று பயமோ என்னவோ, பேசுவதெல்லாம் குசுகுசு என்றுதான். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து குசுகுசுத்தால் எப்படியிருக்கும் தெரியுமா? வீட்டுக்குள் பாம்பு புகுந்தது போலிருக்கும்.

இதற்கிடையில் இவர் அத்தனை பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிவார். வந்தவர்கள் டின்னை இவர் கையில் கொடுப்பார்கள், கோப்பையை இவர் கையில் வாங்குவார்கள். "மனுசிக்கு எப்படி?" என்று கேட்பார்கள். நீ எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. இவருடைய காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டிருந்ததை நான் ஒருத்திதான் கண்டேன். நோயாளிக்கு ஓரஞ்சு கொண்டுவருகிற சனத்துக்கு, நோயாளியைப் பார்க்கிறவனுக்கு ஒரு வாய் சோறு கொண்டுவரத் தோன்றுவதில்லை.

எனக்கு அடைக்கலம் கீழ் வீட்டு ராத்தா. மூன்று தலைமுறையாகக் கொழும்பிலேயே இருக்கிற முஸ்லிம் குடும்பம் அவருடையது. புருஷனுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. எனக்குத் தலைமயிர் கொட்டியபோது என் ஆட்களெல்லாம் நான் இல்லாத திசையைப் பார்த்து அழுதார்கள். ராத்தா என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தலை நல்ல உருண்டையா ஈக்கிது புள்ள. இதை ஏன் இவ்வளவு காலம் மறைச்சு வெச்சீங்க?"

சொல்லிவிட்டுத் தன் கறுப்புச் சால்வை ஒன்றைக் கொண்டுவந்து என் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டார். நோய் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நோய் வந்து பத்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா படியேறும் சத்தம் கேட்டதுமே எனக்கு மூச்சு முட்டியது. இவர் முன்கதவைத் திறக்கப் போனார். நான் கட்டிலில் நீளவாக்கில் இரண்டு தலையணைகளை வைத்தேன். தலை வரவேண்டிய இடத்தில் சின்னத் தலையணையை வைத்து அதற்கு என் பழைய துண்டு ஒன்றைக் கட்டினேன். கழுத்துவரை போர்வையை மூடினேன். ஒரு அடி தள்ளி நின்று பார்த்தேன். என்னைவிட நன்றாகவே நோயாளி மாதிரி இருந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, குசினிப் பக்க இரும்புப் படியால் பூனை போல் இறங்கினேன்.

"இண்டைக்கும் ஓடி வந்தாச்சா?" என்றார் ராத்தா. "ஆக்கள் மிச்சமா?"

"கூட்டமே படியேறி வருது."

"அப்ப வாங்க, கடலுக்குப் போவம்."

சால்வையைச் சுற்றிக்கொண்டு இருவரும் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். கல்லில் இருந்தோம். ஒரு மனிதன் தட்டில் இறால் வடை கொண்டுவந்தான். வெளிச் சாப்பாடு கண்ணாலும் பார்க்கக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. நான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ராத்தா எதையும் விசாரிக்கவில்லை, எதற்கும் ஆறுதல் சொல்லவில்லை. தன் மாமியாரைப் பற்றி ஒரு மணித்தியாலம் குறை சொன்னார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வடைத் தாளில் கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது லேன் முகப்பில் ஆமி ட்ரக் ஒன்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. யுத்தக் காலத்தில் வெள்ளவத்தையில் அது ஒரு காட்சியே இல்லை. நாங்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டோம்.

மேலே வந்து பார்த்தால் வீடு ஆவென்று திறந்து கிடந்தது. மேசையில் ஆறின தேத்தண்ணீர், வரிசையாகச் சத்துமா டின்கள். அறையில் தலையணைகள் நிலத்தில் கிடந்தன. ஒரு குருவிகூட இல்லை.

என்ன நடந்தது என்பதை எதிர்வீட்டு மாமி கதவு இடுக்கால் சொன்னதையும், பிறகு பல வாய்களால் நான் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆமியும் பொலிஸும் லேனைச் சுற்றி வளைத்து வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது; எங்கள் வீட்டில் பதிந்திருந்தது நானும் இவரும், இரண்டே பேர். வாசலில் பதினாலு சோடிச் செருப்பு. உள்ளே யன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. கதவில் காது வைத்தால் குசுகுசு என்று பெரிய ஆலோசனை நடக்கிறது. அந்தக் காலத்தில் இதற்கு மேல் ஒரு பொலிஸ்காரனுக்கு என்ன வேண்டும்?

கதவைத் தட்டி உள்ளே வந்த இன்ஸ்பெக்டர், இது என்ன கூட்டம் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அறைக்குள் நோயாளி படுத்திருக்கிறாள், அவள் காதில் அந்தச் சொல் விழக் கூடாது. ஆகவே பெரியம்மா "பூசை" என்றார். சித்தப்பா "காணி விசயம் கதைக்க வந்தனாங்கள்" என்றார். இவருடைய ஒன்றுவிட்ட தம்பி, பாவம், "பேர்த்டே" என்றான். கேக் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி பெரியம்மாவைப் பார்த்தான். பெரியம்மா அப்பிளைப் பார்த்தார்.

கடைசியில் இவரைக் கேட்டிருக்கிறார்கள். இவராவது சொல்லியிருக்கலாம். "மனுசிக்குக் காய்ச்சல், உள்ளுக்குப் படுத்திருக்கிறா, தயவுசெய்து சத்தம் போடாதேங்கோ" என்று கைகூப்பியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கதவைத் திறந்தார். மெதுவாகக் கட்டிலடிக்குப் போனார். கூப்பிட்டும் அசைவில்லை என்றதும் போர்வையை இழுத்தார்.

தலைக்குத் துண்டு கட்டிய தலையணை.

காய்ச்சல்காரி எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். இவர் தலையணையைப் பார்த்தபடி அப்படியே நின்றாராம். ஒருவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ட்ரக்கில் ஏற்ற வேண்டியிருந்ததாம். எதிர்வீட்டு மாமி இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் படியிறங்கத் தொடங்கிவிட்டேன்.

"நீங்க இரிங்க புள்ள, நான் எங்கட ஆளைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார் ராத்தா.

"நான்தான் போகோணும் ராத்தா. காணாமல் போனது நானல்லோ."

நான் தனியாக மூன்று சக்கர ஓட்டோவில் ஏறும்போதே தூறத் தொடங்கியது. பொலிஸ் நிலையத்தில் என் உறவினர் அனைவரும் சுவரோரம் நிலத்தில் வரிசையாக இருந்தார்கள். அதில் ஒரு அழகு என்னவென்றால், அத்தனை வருத்தக் கதை பேசிய வாய் ஒன்றும் திறக்கவில்லை. பெரியம்மா முழங்கால் நோவுக்கு ஒரு கதிரை கேட்டுக் கிடைக்காமல் உர்ரென்று இருந்தார். வரிசையின் கடைசியில் இவர். செருப்புக்கூட இல்லை. என்னைக் கண்டதும் எழும்பவில்லை. கண்ணை மட்டும் கசக்கினார்.

நான் இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கொட்டாஞ்சேனைத் தெருவில் படித்த சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். "மாத்தயா, காய்ச்சலும் இல்லை பூசையும் இல்லை. இந்தச் சனம் என்னைப் பார்க்க வந்தது" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுத எடுத்த பேனா கையில் நின்றது.

நான் சால்வையை அவிழ்த்தேன்.

"மட்ட பிளிக்கா, மாத்தயா."

எனக்குப் புற்றுநோய். இவ்வளவுதான் சொன்னேன். தமிழில் பத்து மாதமாக ஒரு வாயும் சொல்லாததைச் சிங்களத்தில் சொல்ல அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. பெரியம்மா காதைப் பொத்தினார். ஒரு கான்ஸ்டபிள் ஓடிப்போய்க் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து எனக்குப் போட்டான். இவ்வளவு நேரமும் பெரியம்மா கேட்ட அதே கதிரை. அவர் அதை எனக்குக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

நான் கதிரையில் இருக்கப் போகும்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

"எங்கயடி போனனீ?"

திரும்பினேன். இவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"சொல்லு! எங்க போனனீ? அறை வாசலில இருந்து, வாற ஆக்களையெல்லாம் சத்தம் போடாதேங்கோ, நித்திரையா இருக்கிறா எண்டு, ஒரு தலகணிக்குக் காவல் இருந்தனான்! அவர் போர்வையை இழுக்கேக்க என்ர உயிர் போயிட்டுது. கூப்பிட்டும் நீ எழும்பேல்லை. முடிஞ்சுது எண்டு நினைச்சன். பிறகு பாத்தால் ஆளே இல்லை! மனுசன் என்னத்தையெண்டு நினைக்கிறது?"

"கடற்கரைக்குப் போனனான்."

"கடற்கரைக்கோ! இந்தக் காத்துக்கோ! மழை வேற தூறுது, மொட்டைத் தலையோட வந்து நிக்கிறாய்! மூளை இருக்கோ உனக்கு?" ஒரு அடி கிட்ட வந்தார். மூக்கைச் சுளித்தார். "என்ன மணக்குது? இறால் வடையோ?"

"ரெண்டு."

"ரெண்டோ!"

இருபது வருஷத்தில் இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஆனால் எனக்கும் வாய் இருக்கிறதே. பத்து மாதமாகத் துருப்பிடித்த வாய்.

"வேற என்ன செய்யச் சொல்லுறியள்? உப்புத் தேத்தண்ணி தந்தாலும் சரி. அம்மாவின்ர குழம்பைப் பழிச்சாலும் சரி. எல்லாத்துக்கும் சரி, சரி, சரி! என்னைப் பாடையில ஏத்திப்போட்டுப் பக்கத்தில நிண்டெல்லோ தேத்தண்ணி ஊத்துறியள்! நான் இன்னும் சாகேல்லை, விளங்குதோ? சாகிறதெண்டால் உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் சாவன்!"

"சொல்லாமத்தானே வடை தின்னப் போனனீ!" என்று கத்தினார். அதோடு குரல் உடைந்தது. அப்படியே நிலத்தில் இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அறிந்து இவர் அழுதது அதுதான் முதல் தடவை. இவருடைய அம்மா செத்தபோதுகூடத் தொண்டையைக் கனைத்தாரே தவிர அழவில்லை.

என் உறவினர்கள் அழுகையில் கைதேர்ந்தவர்கள். ஆனால் ஒரு ஆம்பிளை அழுதால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூரையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் சித்தப்பாதான் நகர்ந்து நகர்ந்து இவருக்குப் பக்கத்தில் வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தெமட்டகொடைக் கதைக்காகக் காத்திருந்தேன். சித்தப்பாவிடம் அன்றைக்குக் கதை இல்லை. இவருடைய முதுகில் கையை வைத்தார்.

"தம்பி, நீ மத்தியானம் சாப்பிட்டனியோ?"

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"இரவு நித்திரை கொள்ளுறனியோ?"

அதற்கும் இல்லை என்று தலையாட்டினார்.

இந்த இரண்டு கேள்வியையும் கேட்க எங்கள் சனத்துக்குப் பத்து மாதமும் ஒரு பொலிஸ் நிலையமும் தேவைப்பட்டது. பெரியம்மா முந்தானைக்குள் இருந்து ஒரு அப்பிளை எடுத்தார். எனக்குக் கொண்டுவந்த அப்பிள், ட்ரக்கில் ஏறும்போதும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். சேலையில் துடைத்து இவர் கையில் வைத்தார். இவர் அழுதுகொண்டே அதைக் கடித்தார். எனக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் விளங்கியிருக்காது. புருஷன் பெண்சாதி சண்டைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எல்லோருடைய அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்தார். எங்கள் இரண்டு பேருடையதையும் கடைசியாகக் கொடுத்தபோது வாசலைக் காட்டினார்.

"கெதர கிஹில்லா ரண்டு வெண்ட."

வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடியுங்கள். யுத்தக் காலத்தில் எனக்கு இடப்பட்ட உத்தரவுகளில் நான் மனமாரக் கீழ்ப்படிந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

மூன்று சக்கரத்தில் இவர் ஒரு சொல் பேசவில்லை. முகம் இறுகியிருந்தது. சோதனைச் சாவடியில் நிறுத்தினபோதும் பேசவில்லை. சால்வையை மட்டும் என் தலையில் இழுத்துக் கட்டினார், காது நோகிற மாதிரி. எனக்குள் பழைய பயம் மெல்லத் தலைதூக்கியது. கத்தினது ஒருநாள் கூத்துத்தானோ, நாளைக்குத் திரும்பவும் அந்தச் "சரி" வந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

இவர் முன்னால் ஏறிப்போய்க் கதவைத் திறந்தார். நிலத்தில் கிடந்த தலையணைகளைத் தாண்டினார். நேரே ஃபேனடிக்குப் போய் ஐந்தில் வைத்தார்.

மேசையிலிருந்த தாள்களெல்லாம் பறந்தன. நான் கட்டிலில் இருந்தேன். காது குத்தியது.

"குளிருது" என்றேன்.

"போர்த்துக்கொண்டு படு."

"ரெண்டில வையுங்கோ."

"மாட்டன். பத்து மாசமா அவிஞ்சு போனன்."

எனக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது. என்னோடு இனியும் பல காலம் இருக்கப்போகிற மனிதர் மாதிரி இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இன்னும் ஊசிகள் மிச்சம் இருந்தன, டாக்டர் ஒரு வாக்கும் தந்திருக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் நான் இருப்பேன் என்று இவர் முடிவெடுத்துவிட்டார். நான் எழும்பிப் போய் ஃபேனை இரண்டுக்குத் திருப்பினேன். நான் கட்டிலுக்குத் திரும்புவதற்குள் அது ஐந்தில் ஓடியது.

அந்தத் திருகு என் தலைமயிர் திரும்ப முளைப்பதற்கு முன்பே கையோடு கழன்று வந்துவிட்டது. கழன்றது யார் கையோடு என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்துவரவில்லை.